ஜீப்புக்கு ஒரு நியாயம், ஜாகுவாருக்கு ஒரு நியாயமா?

பழைய கார் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் கவனித்துப் பாருங்கள். நீண்ட மூக்குள்ள ஜாகுவார் ஈ-டைப் கூப்பே ஒன்று வந்திருந்தால், அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். பெரிய மனிதர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயில் பிராகாரம் சுற்றுவது போலச் சுற்றி வருவார்கள். அதே வரிசையின் கடைசியில் ஒரு வில்லிஸ் ஜீப் நிற்கும். அதற்குக் கயிறும் கிடையாது, காவலும் கிடையாது. பிள்ளைகள் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் ஏறுவதில் எனக்கு வருத்தமில்லை, ஜீப் அதற்குத்தான் இருக்கிறது. வருத்தம் வேறு. ஒன்று பாரம்பரியச் சொத்து, மற்றது பழைய இரும்பு என்று நாம் மனத்தில் போட்டுக்கொண்ட கணக்கை இப்போது சட்டமும் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தக் கணக்கு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாரிசில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் பழைய கார்களில் பெரிய ஈடுபாடு. போனில் இந்தப் பேச்சு வந்தால் கொதித்துப்போவான். "மாமா, ஈ-டைப் ஒரு சிற்பம். ஜீப் நாலு சக்கரம் வச்ச தகர டப்பா. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசறதே தப்பு" என்பான். இது அவன் ஒருவனின் கருத்து இல்லை. படித்தவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே அவனுக்குச் சொல்கிற பதிலை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் 'கூப்பே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 'கூப்பே' என்றால் வெட்டப்பட்டது என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக இரண்டு இருக்கைகள் உள்ள பெரிய மூடுவண்டியில் ஒரு பக்க இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் போகும்படி செய்த வண்டிக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. அதாவது எதிரே உட்கார்ந்திருந்தவர்களை இறக்கிவிட்ட வண்டி. பெயரிலேயே குணம் இருக்கிறது.

ஈ-டைப்பின் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். உருவத்தை வடித்தவர் மால்கம் சேயர். விமானத் தொழிலிலிருந்து வந்தவர், காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டே வளைவுகளை வரைந்தவர். 3.8 லிட்டரில் ஆறு சிலிண்டர் எஞ்சின், 265 குதிரைசக்தி, மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்ற விளம்பரம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்த வேகத்துக்கு மற்றவர்கள் கேட்ட விலையைப் பார்த்தால் இது மலிவும்கூட. அழகான வண்டிதான். கூடத்தில் ஒரு நல்ல படம் மாட்டியிருந்தால் பார்க்காமல் இருப்போமா?

ஆனால் அது என்ன செய்தது? ஏறக்குறைய 14½ அடி நீளமுள்ள வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்து வேகமாகப் போனார்கள். அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து, 1966-ல், குடும்பத்தோடு போக இடமில்லை என்று வாங்குபவர்கள் கேட்டதால், அச்சுக்கு அச்சு 9 அங்குலம் நீட்டிப் பின்னால் இரண்டு சிறிய இருக்கை வைத்து இன்னொரு வகையை விட்டார்கள். வெட்டியதை மறுபடி ஒட்டவைத்த கதை. பிறகு அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்காக முன் விளக்குகளின் கண்ணாடி மூடியை எடுத்தார்கள். 1971-ல் எஞ்சினையே மாற்றிப் பன்னிரண்டு சிலிண்டர் வைத்தார்கள். தொழிற்சாலைக்காரன் மாற்றினால் அது 'இரண்டாம் வரிசை', 'மூன்றாம் வரிசை'. நம் ஊர்ப் பட்டறையில் மாற்றினால் மட்டும் அது கெட்டுப்போன வண்டி. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஜீப். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு ஜீப்பின் பிறப்பே இனிக்கும், ஏனென்றால் அது டெண்டரில் பிறந்த வண்டி. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு நிபந்தனைப் பட்டியல் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, அவசரம். பாண்டம் என்ற நொடித்துப்போன சின்னக் கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு வரையச் சொல்லி, செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெரிய அளவில் தயாரிக்கும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. யுத்தம் முடிவதற்குள் இருவருமாகச் செய்தவை ஆறு லட்சத்துக்கும் மேல்.

11 அடி நீளம், 60 குதிரைசக்தி. முன் கண்ணாடியை மடக்கி பானட்டின் மேல் படுக்க வைக்கலாம். ராணுவ ஜீப்பில் முன் விளக்கைத் திருப்பி இருட்டில் எஞ்சினைப் பார்க்கும்படி வைக்கலாம். கியருக்குப் பக்கத்தில் இரண்டு சிறு லிவர். ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மற்றதைத் தள்ளினால் வேகம் குறைந்து பலம் கூடும். சேற்றில் மாட்டினால் இறங்கித் தள்ள வேண்டிய நேரத்தில் அந்த இரண்டு லிவரும் வேலை செய்யும். அதில் அழகுக்காக என்று வைத்தது ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் சிறு பிள்ளையிடம் சிலேட்டைக் கொடுத்து ஜீப் வரையச் சொன்னால் வரைந்துவிடும். ஈ-டைப்பை வரையச் சொல்லிப் பாருங்கள்!

ஜீப்பின் அழகைக் கண்டுகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1951-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் எட்டு கார்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு கண்காட்சி வைத்தது. பென்ட்லி, மெர்சிடிஸ் என்று பெரிய பெயர்கள். அந்த எட்டில் இத்தாலியின் சிசிதாலியா என்ற அழகான கூப்பே ஒன்று. அதே எட்டில் ஜீப்பும் ஒன்று! ஒரே கூரையின் கீழ், ஒரே மரியாதையோடு நின்றன. என் தங்கை மகன் 'ஒன்றாக வைக்கவே கூடாது' என்கிறானே, வைத்தாகிவிட்டது, அவன் பிறப்பதற்கு முன்பே.

ஆனால் பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்த அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்பில் முதலில் சேர்த்த கார் சிசிதாலியா கூப்பே, 1972-ல். ஈ-டைப் 1996-ல் உள்ளே போனது. ஜீப்பை 2002-ல்தான் சேர்த்தார்கள். 1951-ல் விருந்துக்குக் கூப்பிட்டவனுக்கு இலை போட ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. உழைத்தவனை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டு, பந்தியில் கடைசியில் உட்கார வைக்கிற பழக்கம் நம்மிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மகிந்திரா கம்பெனியார் 1947-லேயே வெளிநாட்டு உதிரிகளை வைத்து ஜீப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் அந்த மாதிரியை நிறுத்திய பிறகும் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் அது வந்துகொண்டே இருந்தது. அந்த ஜீப் போகாத அரசாங்க வேலை உண்டா? தேர்தல் பெட்டி அதில்தான் போனது. மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர் அதில்தான் வந்தார். பெரியம்மை 1975-ல் இந்தியாவிலிருந்து ஒழிந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். கிராமம் கிராமமாக ஊசியையும் ஆளையும் கொண்டுபோனவற்றில் ஜீப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் எழுத்தராக இருந்த துறையிலும் ஒரு ஜீப் இருந்தது. அதன் லாக் புக் என் மேசையில்தான் இருக்கும். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கிலோமீட்டர், போன காரணம், போன அதிகாரியின் கையெழுத்து. பாகூர் பக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் என்று ஒவ்வொரு கொம்யூன் பெயரும் அதில் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் பக்கங்கள் வேகமாக நிரம்பும். 'ஏரிக்கரை பார்வையிட', 'குடிநீர் எடுத்துச் செல்ல', 'பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு'. கடைசியில் சொன்னது விதிப்படி தவறு, அலுவல் காரணம் இல்லை. ஆனால் வெள்ளத்தில் பஸ் நின்றுபோன இரவில் டிரைவர் அண்ணன் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். அதிகாரியும் கையெழுத்துப் போட்டார். இத்தனை பேர்தான் ஏறலாம் என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கூப்பேயில் இது நடக்குமா?

எண்பதுகளில் அந்த ஜீப்புக்கு பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் போட்டார்கள். நாடு முழுக்க அப்படி நடந்தது. பெட்ரோல் போட்டு மாளவில்லை. மகிந்திரா 1979-ல் பிரான்சின் பெழோ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து அவர்களுடைய டீசல் எஞ்சினை இங்கே செய்யத் தொடங்கியது. நாங்கள் பள்ளியில் 'பெழோ' என்று படித்தது நம் ஊர் மெக்கானிக் வாயில் 'பியூஜாட்'. அமெரிக்காவில் பிறந்த உடம்பு, பிரெஞ்சு இருதயம், ஓட்டுவது தமிழன். புதுச்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி ஒன்று உண்டா, சொல்லுங்கள்!

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழமையான வண்டிகளுக்கென்று தனி வகை உண்டாக்கியது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவத்திலேயே, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஈ-டைப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மூடிய கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், மூல வடிவம் அப்படியே இருக்கிறது. அன்றாடம் ஓட்டக்கூடாது என்றால் அதன் சொந்தக்காரருக்கு நஷ்டமில்லை, அவர் எப்போதும் அன்றாடம் ஓட்டியவர் இல்லை. ஜீப்புக்கோ? எஞ்சின் மாறியிருக்கிறது, தோற்றது. தரைத் தகடு துருப்பிடித்து வேறு தகடு ஒட்டியிருக்கிறது, மறுபடி தோற்றது. ஓட்டாமல் நிறுத்தினால் ஜீப் ஜீப்பாக இருக்காது, அதிலும் தோற்றது. உழைத்த வண்டிதான் மாறியிருக்கும். மாறாத வண்டிக்குத்தான் மரியாதை என்றால், சும்மா இருந்ததற்கு மரியாதை என்றுதானே பொருள்?

போதாததற்கு 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, உடைத்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி. புகை, பாதுகாப்பு என்று அதற்குக் காரணங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விதியையும் சேர்த்துப் படியுங்கள். அரசாங்க ஜீப் 15 வயதில் சாக வேண்டும், 50 வயதில் பாரம்பரியம் ஆகலாம். நடுவில் இருக்கும் 35 வருடத்தை அது எங்கே போய்க் கழிக்கும்? கோப்பில் இதற்கு ஒரு குறிப்புகூட எழுதாமல் எப்படி ஒப்புதல் வாங்கினார்கள் என்பது என் குமாஸ்தா மூளைக்கு இன்னும் எட்டவில்லை.

பிரான்சிலும் பழைய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. அங்கே 30 வயது போதும். அங்கும் முக்கிய உறுப்புகளின் தன்மையை மாற்றியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, அதில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஆனால் சொந்த வேலைக்கு அந்த வண்டியை அன்றாடம் எடுத்துப் போகத் தடையில்லை. பிரெஞ்சில் 'பத்ரிமுவான்' என்று ஒரு சொல். தகப்பன் வழி வந்த சொத்து. தகப்பன் விட்டுப்போன வீட்டில் குடியிருக்கலாம், ஓடு மாற்றலாம், வெள்ளையடிக்கலாம். பூட்டி வைத்துப் பார்க்க மட்டும்தான் வேண்டும் என்று எந்தத் தகப்பனும் எழுதிவைப்பதில்லை.

"அப்படியானால் மூல வடிவம் என்பதே வேண்டாமா?" என்று என் தங்கை மகன் கேட்கிறான். நியாயமான கேள்வி. அவனைத் திருவாரூருக்குப் போய் ஆழித்தேரைப் பார்க்கச் சொன்னேன். அதன் சக்கரமும் அச்சும் இன்று இரும்பு. பிரேக்கும் உண்டு. திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்து கொடுத்தவை. அதனால் அது பழைய தேர் இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? தேர் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் சக்கரத்தை மாற்றினார்கள். ஓடாமல் மரச் சக்கரத்தோடு நின்றிருந்தால் மூல வடிவம் இருந்திருக்கும், தேர்த்திருவிழா இருந்திருக்காது. நம் வில்லியனூர்த் தேருக்கு அன்று பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வடம் பிடிக்கிற கை மாறியதால் தேரோட்டம் பொய்யாகிவிட்டதா?

இன்னொரு ஆட்சேபணையும் வரும். நேற்றுத் திருமண ஊர்வலத்துக்காக நீலம், சிவப்பு விளக்கெல்லாம் பொருத்தி, லாரி டயர் மாட்டின வண்டியையும் 'உழைத்த ஜீப்' என்று கொண்டுவந்து நிறுத்துவார்களே என்பார்கள். நிறுத்துவார்கள்தான். அதற்குத்தான் காகிதம் இருக்கிறது. எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான். என்ன மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்று பதிவுப் புத்தகமும் லாக் புக்கும் சொல்லும். வேலைக்காக அந்தக் காலத்திலேயே செய்த மாற்றம் வேறு, வேடிக்கைக்காக இப்போது செய்த மாற்றம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு மோட்டார் வாகன ஆய்வாளருக்கு அரை நாள் போதும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, பழமையான வண்டிகளில் 'உழைத்த வண்டி' என்று இன்னொரு பிரிவு வேண்டும். அதில் ஜீப் மட்டுமல்ல, பழைய லாரி, டிராக்டர், தீயணைப்பு வண்டி எல்லாம் வரட்டும். ஆதாரமுள்ள பழுதுபார்ப்பு அங்கே குற்றமாகாது, தகுதியாகும். இரண்டு, அவற்றை மாதத்தில் சில நாளாவது சாலையில் ஓட்ட அனுமதி வேண்டும். மூன்று, ஒவ்வொரு துறையும் கடைசி ஜீப்பை எடைக்குப் போடுவதற்கு முன் ஒன்றையாவது லாக் புக்கோடு ஒதுக்கி வைக்க வேண்டும். நம் அருங்காட்சியகத்தில் துரைமார்களை உட்காரவைத்துத் தள்ளிய புஷ்வண்டியை வைத்திருக்கிறோம். நம்மைச் சுமந்த வண்டியை வைக்க இடமில்லையா?

ஈ-டைப்பின் மேல் எனக்குப் பகையில்லை. ஜாகுவார் கம்பெனியே 2008-லிருந்து டாடா கையில், அதுவும் இப்போது நம் வீட்டுப் பிள்ளைதான். கயிறு கட்டிக் காப்பாற்றட்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று வைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

சட்டம் மாறுகிற வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். டிரைவராக, ஓவர்சியராக, வருவாய் ஆய்வாளராக இருந்தவர்கள் வீட்டுப் பரணில் பழைய லாக் புக், ஏலத்தில் எடுத்த ரசீது, ஜீப் முன்னால் நின்று எடுத்த படம் என்று ஏதாவது கிடக்கும். பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பிரிவு வந்தால், வண்டி உழைத்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.